விழாத உதை

சந்தியாகுவுக்கு முதன்முதலில் துரோகம் செய்தவர் தெய்வநாயகம் முதலாளி. அவருக்குப் பின்னால் துரோகம் செய்தவர்கள் பலர் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் வைத்து அவர் பல்லைப் பற்றிப் பேசிய மைத்துனன் உண்டு, கேட்காமல் அவருடைய கடப்பாரையை எடுத்துப் போய் வளைத்துக் கொண்டுவந்து போட்ட மீன் லாரி டிரைவர் உண்டு, மாதா கோயில் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் பாதி வழியில் தோள் மாற்றிக் கொடுக்காமல் நழுவிய பங்காளி உண்டு. ஆனால் அவர்கள் எல்லாரும் பின்னால் வந்தவர்கள். சந்தியாகு வரிசை தவறாதவர். முதலாளியை வெறுத்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் மற்றவர்களின் முறை வரும், அந்த மிச்சம் இதுவரை வரவில்லை.

அளத்துப்பட்டியில் அந்தக் காலத்தில் இருந்த ஒரே தியேட்டர் முதலாளியுடையது. வடிவு டாக்கீஸ் என்று தாயார் பெயரை வைத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும், கூடையில் மீன் அடுக்குகிறவர்களும், சந்தியாகுவைப் போல ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் உடைக்கிறவர்களும் உடம்பு வலியைக் கொண்டுபோய் இறக்கிவைக்கிற இடம் அதுதான். அங்கே சாமி படம் ஓடும், அழுகிற படம் ஓடும், பாட்டுப் படம் ஓடும், எல்லாவற்றுக்கும் ஆள் வரும். கராத்தே படம் வந்தால் மட்டும் ஊரே வரும்.

அந்தப் படங்களில் பேசுகிற பாஷை யாருக்கும் தெரியாது. ஒருவன் வெறும் கையோடு வருவான். அவனிடம் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, கார் இல்லை, சிபாரிசு இல்லை. படம் பாதி தாண்டும்வரை அடி வாங்குவான். பிறகு மலைமேல் இருக்கிற ஏதோ மடத்துக்குப் போய்த் தண்ணீர் சுமப்பான், விறகு பிளப்பான், படி ஏறுவான், படி இறங்குவான், சுமந்த தண்ணீரும் பிளந்த விறகும் ஏறிய படியும் அவன் கைக்குள்ளும் காலுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும், கடைசியில் ஒவ்வொன்றாக வெளியே வரும். அளத்துப்பட்டிக்காரர்கள் பிறந்ததிலிருந்து சுமக்கிறவர்கள். பாத்தியில் இறங்கி மிதித்தார்கள், உப்பை வாரினார்கள், தலையில் ஏற்றி அம்பாரமாகக் கொட்டினார்கள்; சுமந்ததெல்லாம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாமலிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது தெரிந்தது. அது எங்கேயும் போகவில்லை, உடம்புக்குள்தான் இருக்கிறது, ஒருநாள் கூப்பிட்டால் வரும்.

பாஷை தெரியாத குறையை சந்தியாகு தீர்த்துவைத்தார். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பெஞ்சு டிக்கெட்டில் முன்வரிசையில் இருந்துகொண்டு, திரையில் யார் வாய் அசைந்தாலும் அதற்குத் தோதாகத் தமிழில் உரக்கச் சொல்வார். "ஏல, எங்க அப்பன் வெட்டுன கெணத்துல எனக்கே தண்ணி இல்லைங்கியா?" என்பார் சீனாக்காரனுக்காக. "ஆமால, இல்லங்கேன், என்ன செய்வ?" என்பார் இன்னொரு சீனாக்காரனுக்காக. ஊர் அதைத்தான் கதை என்று நம்பியது. அவர் சொன்ன கதை ஒன்றுகூட அந்தப் படங்களில் இருந்திருக்காது, ஆனால் விழுந்த அடி ஒவ்வொன்றும் அந்தக் கதைகளுக்குப் பொருந்தித்தான் விழுந்தது. மறுநாள் ஐஸ் கம்பெனியில் ஒரு பாளத்தை நிறுத்திவைத்து வெறுங்கையால் வெட்டுவார். பாளம் ஒருமுறை உடையவும் செய்தது. அவருடைய வலதுகைச் சுண்டுவிரல் அன்றைக்குப் பக்கவாட்டில் திரும்பியதுதான், பிறகு நேராகவில்லை. அதை அவர் பதக்கம் மாதிரி வைத்திருந்தார்.

பெஞ்சு டிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று தெரியாது, மீறியவரும் கிடையாது. கடைசி உதைக்கு யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எதிரியை முடிக்கிற அந்த உதைக்காக நாயகன் மண்ணைவிட்டுக் காலை எடுத்ததும் மொத்தப் பேரும் எழுந்து பெஞ்சின்மேல் ஏறிவிட வேண்டும். உதை விழுந்து, எதிரி சாய்ந்து, நாயகன் முதுகைக் காட்டி நடந்து போகும்வரை உட்காரக் கூடாது. நிற்க முடியாத நோயாளியைப் பக்கத்தில் இருப்பவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிப்பான். பிள்ளைத்தாச்சியும் எழுந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஒரு படம் வந்தது. போஸ்டரில் இருந்த பெயரைப் படிக்க ஆளில்லாததால் ஊர் அதை நாற்காலிப் படம் என்றது. ஏனென்றால் அதில் வருகிற பண்ணையார் படம் முழுக்க உயரமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பான். குனிந்தவர்களை உட்கார்ந்தபடியே பார்ப்பான், விரலை மட்டும் நீட்டுவான், நீட்டிய பக்கம் வீடு எரியும், ஆள் சாவான். நாயகனை ஊர் சீனத்தம்பி என்றது. வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் நீலத்துணி, வெறுங்கால். படம் முடிகிற நேரத்தில் அவன் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து, ஒரு கல்லை மிதித்து, வலதுகாலை நீட்டிக்கொண்டு பறந்தான். கொட்டகை எழுந்து பெஞ்சின்மேல் ஏறியது. எங்கோ ஒரு பெஞ்சு முறிந்தது.

முதலாளி டார்ச்சோடு உள்ளே வந்தார். பெஞ்சு முறிந்த கோபம் பாதி. தெருவில் தன்னைக் கண்டால் துண்டை இறக்குகிறவர்கள் தன் தலைக்குமேல் நிற்கிறார்களே என்ற கோபம் மீதி.

"மிசின நிறுத்துல" என்றார் ஆபரேட்டர் ரூமைப் பார்த்து.

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. திரை வெறும் துணியாக இருந்தது.

"உக்காருங்கல எல்லாரும்."

யாரும் உட்காரவில்லை. சந்தியாகு பெஞ்சின் மேலிருந்தே, "உதை முடியட்டும் முதலாளி" என்றார்.

"முடிஞ்சிட்டு. அவன் கீழ விழுந்துட்டான்."

"விழல முதலாளி. அந்தரத்துல நிக்கான்."

"நான் மதுரையிலயே பாத்துட்டேம்ல. அவனுக்கு எட்டல. விழுந்து இடுப்பொடிஞ்சி போனான். அவ்வளவுதான் கதை. போங்க, போய்க் கஞ்சியக் குடிச்சிட்டுப் படுங்க."

அதுதான் படத்தின் கடைசி ஆட்டம். படப்பெட்டி மறுநாள் பஸ் ஏறிப் போனது, திரும்பி வரவில்லை. தூத்துக்குடிக்குப் போய்க் கேட்டார்கள், நாகர்கோவிலுக்குப் போய்க் கேட்டார்கள். பெயர் தெரியாத படத்தை எப்படிக் கேட்பது? நாற்காலிப் படம் என்றால் வெளியூரில் சிரித்தார்கள். கொஞ்ச நாள் ஆனதும் ஊர் உட்கார்ந்துவிட்டது. சந்தியாகுவின் உயிர்ச் சிநேகிதர் மாசானம், பக்கத்துப் பெஞ்சில் நின்றவர், கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சீட்டு கிடைத்ததும் உட்கார்ந்தார். சந்தியாகு உட்காரவில்லை. உதை முடியவில்லை, முடியாமல் உட்காருவது சட்டத்தில் இல்லை.

அப்படியே வருஷங்கள் போயின. அவர் நின்று வேலை செய்தார், படுத்துத் தூங்கினார், கோயிலில் முழங்காலில் இருந்தார், உட்கார மட்டும் செய்யவில்லை. செபமாலையைக் கல்யாணம் செய்தபோது விருந்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டே சாப்பிட்டார். நாவிதர் முக்காலி போட்டு ஏறி அவருக்கு முடிவெட்டினார். காலியான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புதிதாக வந்த கண்டக்டர்கள் ஒருமுறை கேட்பார்கள், பிறகு கேட்க மாட்டார்கள். நிக்கிற சந்தியாகு என்றால் கடிதாசி வந்து சேரும்.

"இஞ்ச பாருங்க, உக்காந்து தின்னா சோறு எறங்காதா?" என்பாள் செபமாலை, தட்டை ஜன்னல் கட்டையில் வைத்தபடி.

"எறங்கும். அவன் எறங்கட்டும் மொதல்ல."

வடிவு டாக்கீஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வராமல் போய், பூட்டப்பட்டு, உள்ளே வேப்பங்கன்று முளைத்தது. முதலாளியின் மகன் பாலகுரு கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, இந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றான். இடிக்கிற அன்றைக்குக் கூரையை எடுத்தார்கள், சுவரை எடுத்தார்கள், கடைசியாகத் திரைச்சுவரை எடுத்தார்கள். சுவர் தூசியாகக் கீழே வந்தது. திரையில் இருந்த இடத்தில், இருந்த உயரத்தில், சீனத்தம்பி அப்படியே நின்றான்.

நீட்டிய வலதுகால், மடக்கிய இடதுகால், இடுப்பருகே முறுக்கிய முஷ்டி, கத்தலுக்குத் திறந்து இன்னும் கத்தல் வராத வாய். நிறம் கொஞ்சம் சிவந்துபோயிருந்தது, பழைய படம் அப்படித்தான் சிவக்கும். கீறல் விழுந்த படத்தில் ஓடுகிற மழைக்கோடுகள் அவன்மேல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இடிக்கிறவர்கள் வேலையை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, டீ குடிக்கிற நேரம் என்பதால் டீ குடித்தார்கள். ஐஸ் கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னதும் சந்தியாகு கடப்பாரையைக் கீழே போடாமல் அப்படியே வந்தார். அவர் நரைத்திருந்தார், சீனத்தம்பி நரைக்கவில்லை.

"சொன்னேம்லா, விழலன்னு" என்றார்.

ஊருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆள் வந்துவிட்டான், இருக்கட்டும், ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்ற மாதிரிதான் இருந்தது. காண்டிராக்டர் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார், கயிறு அறுந்தது. பொக்லைன் கையால் தள்ளினார்கள், பொக்லைன் பின்னால் போனது. இன்ஸ்பெக்டர் வந்து, பொது வழியில் தொங்குகிறானா பட்டாவில் தொங்குகிறானா என்று கேட்டு, பட்டாவில்தான் என்றதும் திரும்பிப் போனார். இடுப்பு பிடித்தவர்கள் வந்து அவன் குதிகாலுக்கு நேர் கீழே படுத்து எழுந்தார்கள், சிலருக்குச் சரியானது, சரியாகாதவர்கள் சரியாகப் படுக்கவில்லை என்று ஊர் சொன்னது. பள்ளிக்கூட டிரில் வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, முழங்கால் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று பிரம்பால் காட்டினார். காக்கைகள் முதலில் தோளில் உட்கார்ந்து பார்த்து, சூடாக இருந்ததால் பறந்தன. பழைய மிசினின் விளக்குப் பக்கம் கை வைத்தால் வருகிற சூடு அது. மழைக்காலத்தில் பெண்கள் அந்தச் சூட்டுக்காக அவன் இடதுகாலில் கொடிகட்டித் துணி காயப்போட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள், "பறக்கிறவன் ஸ்டாப், எல்லாம் இறங்கு" என்று விசிலடித்தார்கள்.

பாலகுரு மண்டபத்தை விடவில்லை. இன்ஜினியரிடம் கேட்டு, சீனத்தம்பியைச் சுற்றியே கட்டினான். தெற்குச் சுவர் வருகிற இடம் அவன் இடுப்புக்கு நேராக அமைந்ததால், அங்கே ஒரு பெரிய துவாரம் விட்டார்கள். தலையும் முஷ்டியும் மண்டபத்துக்குள் இருந்தன, உதைக்கிற கால் வெளியே பக்கத்துச் சந்துக்கு மேலே நீண்டிருந்தது. உள்ளே மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது பாலகுருவின் கணக்கு. வெளியே நீண்டிருந்த கால் எதைப் பார்த்து நீண்டிருக்கிறது என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கம் முதலாளியின் மாடி வீடு. மாடி வராந்தாவில் ஒரு தேக்கு நாற்காலி. முதலாளி வயதான பிறகு காலையில் அதில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழ மாட்டார். பேப்பர் படிப்பதும், தெருவில் போகிறவர்களை விரலை நீட்டிக் கூப்பிடுவதும் அதிலிருந்துதான். ஊர் ஒருநாள் காலைப் பார்த்தது, பிறகு நாற்காலியைப் பார்த்தது, பிறகு ஒன்றும் பார்க்காதது போல நடந்தது.

மண்டபத் திறப்பு விழாவுக்கு வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நாடா வெட்ட வெளியூர்ப் பெரிய மனிதர் வந்திருந்தார். சந்தியாகுவுக்கு அழைப்பு இல்லை, வந்தார், நடுவில் நின்றார்.

"அண்ணாச்சி, பின்னால இருக்கவங்களுக்கு மறைக்கு. உக்காருங்க" என்றான் பாலகுரு.

"உதை முடியட்டும் தம்பி."

அந்த வார்த்தை மாசானத்தின் காதில் விழுந்தது. மாசானம் பேரன் பேத்தி எடுத்தவர், சர்க்கரை வியாதிக்காரர், மனைவியின் பக்கத்தில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கெண்டைக்காலில் ஏதோ ஓடியது. "கொஞ்சம் பிடிட்டீ" என்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின்மேல் ஏறினார். உப்பளத்தில் வாரி வாரி முதுகு வளைந்த ஒரு கிழவி ஏறினாள். மீன் அடுக்கியவர்கள் ஏறினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஏறினார்கள், அப்பன் சொல்லிக் கேட்டவர்கள் ஏறினார்கள், எதற்கென்று தெரியாமல் பக்கத்தில் ஏறுகிறானே என்று ஏறியவர்களும் உண்டு. பெரிய மனிதர் மைக்கில், "தயவுசெய்து அமருங்கள், அமருங்கள்" என்றார். யாரோ இரண்டு விரலை வாயில் வைத்து, அந்தக் காலத்து விசிலை அடித்தார்கள்.

மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிசினை எடைக்குப் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனாலும் கேட்டது. சீனத்தம்பியின் தலைமுடி அசைந்தது. மழைக்கோடுகள் வேகமாக ஓடின. அவன் துவாரத்தின் வழியாக, ஊசிக்குள் நூல் போவது போல் சுவரை உரசாமல் வெளியே போய், சந்துக்கு மேலே பறந்து, கூட்டம் மூச்சு வாங்கி உட்காரத் தொடங்கியதும் நின்றான். முதலாளி வீட்டு வராந்தாக் கம்பிக்கும் அவன் காலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது.

ஊர் அப்போதுதான் புரிந்துகொண்டது. இத்தனை வருஷம் அவன் அந்தரத்தில் நின்றது மிசின் நின்றதால் இல்லை. தாங்கள் உட்கார்ந்ததால்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், முதல் ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு, வேலை முடிந்தவர்கள் உப்புக் காலோடு சந்துக்கு வந்தார்கள். வீட்டிலிருந்து பெஞ்சு, முக்காலி, கவிழ்த்த மீன்கூடை என்று எதையாவது கொண்டுவந்து ஏறி நின்றார்கள். சந்தியாகு பழையபடி சீனத்தம்பியின் வாய்க்குத் தமிழ் சொன்னார். கால் தினமும் கொஞ்சம் நகர்ந்தது. சமயத்தில் மயிரிழை, சமயத்தில் ஒரு விரற்கடை.

முதலாளி வராந்தாவை விட்டுப் போகவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம், மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். சந்தியாகுவுக்காக இடம் மாறுவதா என்று அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அந்த ஒரு விஷயத்துக்காக சந்தியாகு அவரை உள்ளுக்குள் மெச்சினார், மெச்சியதால் வெறுப்பு குறையவில்லை.

"ஏல சந்தியாகு" என்றார் முதலாளி ஒரு சாயங்காலம் மேலிருந்து. கால் அப்போது கம்பிக்குள் வந்துவிட்டிருந்தது. "நிறுத்தச் சொல்லுல."

"ஒரு தடவ நிறுத்துனது போதாதா முதலாளி?"

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"என்னைக் கொல்லணுமா ஒனக்கு?"

"உங்களுக்குச் சட்டம் தெரியாதா? கடைசி உதைக்கு யாரும் உக்காந்திருக்கக் கூடாது. நீங்க எந்திரிச்சிட்டா அது வெறும் நாக்காலியில விழும். படம் முடியும். நாங்க வீட்டுக்குப் போய்க் கஞ்சியக் குடிப்போம்."

"நான் எதுக்குல எந்திரிக்கணும்? என் வீடு, என் நாக்காலி."

"அப்ப இருங்க. நாங்க நிக்கோம்."

இரவு தட்டை ஜன்னலில் வைக்கும்போது செபமாலை கேட்டாள். "அந்த மனுசருக்கு ஏதாச்சும் ஆயிட்டா பாவம் நமக்குல்லா?"

"எந்திரிக்கிறதுக்கு என்ன கேடு அவருக்கு? நான் இவ்வளவு காலம் நிக்கேன். அவர ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுதேன்."

"நின்னா நீங்க உக்காருவீங்களா?"

"உக்காருவேன்."

"சத்தியமா?"

சந்தியாகு கோணல் விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் அன்றைக்கே பரணிலிருந்து கல்யாணச் சீரில் வந்த முக்காலியை இறக்கித் துடைத்து வைத்தாள். தூசி படியப் படியத் தினமும் துடைத்தாள்.

பாலகுரு ஒருநாள் ஐஸ் கம்பெனிக்கே வந்தான். படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான்.

"அண்ணாச்சி, மண்டபத்துக்கு உங்க பேரையே வச்சிருதேன். முன்வரிசையில உங்களுக்குன்னு ஒரு சோபா போட்டுருதேன். எந்தக் கல்யாணம்னாலும் மொத மரியாதை உங்களுக்குத்தான்."

"சோபாவா?" என்றார் சந்தியாகு. பாளத்தில் கடப்பாரையை ஒருமுறை இறக்கினார், அது சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. "ஏம் தம்பி, உக்காராதவனுக்குச் சோபா கொடுக்கியே, நீ என்னதான் படிச்ச?"

"அப்பாவுக்கு வயசாயிட்டு அண்ணாச்சி."

"எனக்கும்தான் வயசாயிட்டு. அவனுக்கு மட்டும்தான் ஆகல. உங்கப்பாவ எந்திரிக்கச் சொல்லு."

மறுநாள் சாயங்காலம் ஊரில் ஒருவரும் வீட்டில் இல்லை. கால் முதலாளியின் முகத்துக்கு நேராக, மூச்சு படுகிற தூரத்தில் இருந்தது. பாதத்தின் வெடிப்பு தெரிந்தது. ஓடிவந்து மிதித்த கல்லின் மண் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. உப்புப் பாத்தியில் நின்றவர்களின் பாதமும் அப்படித்தான் வெடித்திருக்கும். முதலாளி பேப்பரை மடித்து மடியில் வைத்தார். கீழே பார்த்தார். ஒரே ஒரு தலைகூட அவருக்குக் கீழே குனிந்திருக்கவில்லை. எல்லாரும் பெஞ்சிலும் முக்காலியிலும் கூடையிலும் நின்று நேருக்கு நேராகப் பார்த்தார்கள். மாசானம் விசிலடிக்கவில்லை. சந்தியாகு தமிழ் சொல்லவில்லை.

முதலாளி நாற்காலியின் கைகளில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினார். தோள் உயர்ந்தது. இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பியது. முழங்கால் பாதி நிமிர்ந்தது. மிசின் சத்தம் ஊரையே நிறைத்தது.

பிறகு அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அவர் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தாரா, வேட்டியைச் சரிசெய்யத்தான் இடுப்பைத் தூக்கினாரா என்று அளத்துப்பட்டியில் இன்றைக்கும் பேசுகிறார்கள். டீக்கடையில் இது பற்றிப் பேசிப் பெண் கொடுக்காமல் போன குடும்பங்கள் உண்டு. சீனத்தம்பியின் கால் நகரவில்லை. பாதி எழுந்தவனை உதைப்பதா விடுவதா என்று அவனுக்கும் அந்தப் படத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

முதலாளி அந்த வாரமே இறந்துபோனார். தூக்கத்தில், நோகாமல். சந்தியாகு கேள்விப்பட்டதும், "இதுவும் அவருதானா" என்றார். இரண்டாவது துரோகம் மைத்துனனுடையது என்றிருந்த வரிசையை அன்றைக்கு அவர் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

முதலாளி வீட்டு வழக்கப்படி, இறந்தவரைக் குளிப்பாட்டிப் பட்டுக்கட்டி, மாலை போட்டு, தாடையைத் துணியால் கட்டி, உட்காரவைத்துத்தான் கொண்டுபோவார்கள். அந்தத் தேக்கு நாற்காலியிலேயே உட்காரவைத்து, அதைப் பூத்தேரில் ஏற்றிக் கட்டினார்கள். தேர் சந்துக்குள் வந்தது. எடுக்கிற நேரத்தில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது சாவு வீட்டுச் சட்டம், அதனால் ஊர் முழுக்க எழுந்து நின்றது. கொட்டு அடித்தது, வெடி வெடித்தது, விசில் பறந்தது. நின்றார்கள், சத்தம் போட்டார்கள், அதனால் சீனத்தம்பி நகர்ந்தான். வராந்தாவிலிருந்து பின்வாங்காமல் அப்படியே திரும்பி, தேருக்கு மேலே வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் நெற்றிக்கு நேராகக் காலை நீட்டினான். கொட்டு நின்றது. தேர் மெதுவாக அந்தக் காலின்கீழ் போனது. பாதம் மாலையின் ஒரு செவ்வந்திப் பூவை உதிர்த்தது, நெற்றியைத் தொடவில்லை. சீனத்தம்பி செத்தவனை உதைக்கிறவன் இல்லை.

மாசானம் பக்கத்தில் வந்து, "செத்தும் எந்திரிக்காமத்தாம்டே போறாரு" என்றார்.

"பாத்தேன்" என்றார் சந்தியாகு.

அடக்கம் முடிந்த பிறகு பாலகுரு நாற்காலியைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு சந்தியாகுவின் வீட்டுக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். வாசலில் இறக்கிவைத்தான்.

"உக்காருங்க அண்ணாச்சி. முடிஞ்சிட்டு. அவர் இல்ல, இனி யார் எந்திரிக்கணும்?"

செபமாலை உள்ளேயிருந்து முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். வாசலில் இரண்டு ஆசனங்கள் இருந்தன. சந்தியாகுவின் முழங்கால்கள் வெகுநாளாக வலித்துக்கொண்டிருந்தன என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சந்தியாகு நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழப்பாகக் குழிந்திருந்தது.

"உங்கப்பா எந்திரிச்சாருன்னு சொல்லு. உக்காருதேன்."

பாலகுரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார். அவன் மண்ணைப் பார்த்தான். "பாதி எந்திரிச்சாரு அண்ணாச்சி."

"நீ நல்லவன்டே" என்றார் சந்தியாகு. "அப்ப பாதி பாக்கி."

நாற்காலியை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சந்துக்குப் போய், மாடியேறி, வராந்தாவில் அது இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினார். சீனத்தம்பி தேரைவிட்டுத் திரும்பி, பழையபடி அதைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு நின்றான். முதல் ஆட்டத்தின் நேரம் வந்துவிட்டது. உப்புக் காலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பெஞ்சுகளைத் தூசி தட்டினார்கள். அந்த நாற்காலியில் இதுவரை பாலகுரு உட்காரவில்லை, பாலகுருவின் பிள்ளைகள் உட்காரவில்லை, ஒரு பூனைகூட உட்காரவில்லை. செபமாலை முக்காலியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மீதிப் பாதி வந்து சேரட்டும் என்று சந்தியாகு நின்றுகொண்டிருக்கிறார்.